பெசிக்குக்கு, வண்டியோடு சேர்த்து

டயருக்குக் காற்றுப் பார்க்கும் கருவியைத் தேடித்தான்
இந்தப் பெட்டியைத் திறந்திருப்பீர்கள்.
இங்கே இல்லை. பின்கதவுக்குள், இடப்பக்க வலைப்பையில்.
முன்னிடது டயர் வாரத்துக்கு இரண்டு புள்ளி இறங்கும்.
ஆணி ஏதுமில்லை, விளிம்பில் துரு.
கோச்சா பார்த்துவிட்டார்.

கோச்சா இருப்பது குத்தாய்சியில்,
பழைய லாரித் தொழிற்சாலைக்குப் பின்னால்.
பச்சைக் கதவு, பெயர்ப்பலகை கிடையாது.
வண்டிக்கு என்ன என்று உங்களைக் கேட்க மாட்டார்.
நீங்களாகச் சொன்னாலும் கேட்க மாட்டார்.

புதிதாய் இருந்தபோது அதன் விலைக்கு
இங்கே ஒரு வீடு வாங்கலாம்.
என்னிடம் வந்தபோது ஒரு சமையலறை.
உங்களுக்கு அதிலும் மலிவு.
பாகங்களுக்கு இந்தச் சேதி எட்டவில்லை.
யானையைச் சல்லிசாகத் தள்ளிவிட்டார்கள்,
அங்குசம் இன்றைக்கும் முழு விலை.
மாதம் முந்நூறு லரி எடுத்து வையுங்கள்,
வீட்டில் சொல்லாமல்.

காலையில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தால்
பதறாதீர்கள். தூக்கக் கலக்கம்.
கிளப்பிவிட்டு ஒரு காபி குடியுங்கள்,
பெருமூச்சு விட்டபடி எழுந்து நிற்கும்.
காபி ஆறியும் எழவில்லையா,
சஸ்பென்ஷன் காற்றுப்பையில் விரிசல்.
அன்றைக்கு ஓட்டாதீர்கள், கம்ப்ரசரும் கூடவே போகும்.
இரண்டும் போனால் கோச்சா மெல்ல விசிலடிப்பார்.
அந்த விசில் ஆயிரத்து ஐந்நூறு லரி.

கியர்பாக்ஸ் ஆயிலை
ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறது கையேடு.
யாருடைய ஆயுள் என்று போடவில்லை.

கூரைக் கண்ணாடிக்கு நான்கு மூலையிலும் வடிகால்.
என் வாசலில் மல்பெரி மரம்.
ஒரு மே மாதம் ரிகோத்தி மலை இறக்கத்தில்
பிரேக் போட்டேன்,
முன்சீட்டிலிருந்த நாத்தனார் தலையில்
குடம் கவிழ்த்ததுபோல் தண்ணீர்.
மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.
சில பழுதுகளுக்கு அவசரப்பட வேண்டியதில்லை.
ஆனால் உங்களுக்குப் பிள்ளைகள் உண்டு,
புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை
மெதுவாக உள்ளே விடுங்கள்.
கம்பி விட்டால் குழாய் கிழியும்.

அதே சீட் பின்னால் நகராது.
சுராமியில் வாங்கிய ரொட்டியின் உலர்திராட்சை
தண்டவாளத்தில் மாட்டியிருக்கிறது.
நினைவுக்காக விட்டு வைக்கவில்லை. கை போகவில்லை.

இதையெல்லாம்
சாவி கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.
சொல்ல முடியாதது ஒன்று.

சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்றீர்கள்.
ஒன்பதரைக்கே எஞ்சினை ஓடவிட்டுச்
சூடாக்கி வைத்தேன்.
நீங்கள் பானெட்டில் கை வைத்தீர்கள்.
ஆகஸ்ட் வெயில் என்று நினைத்திருப்பீர்கள்,
அல்லது உங்கள் மகள் பின்சீட்டில் ஏறிக் குதித்ததில்
நினைக்கவே விட்டுப்போயிருக்கும்.
இரவு முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின்
முதல் மூன்று நொடி,
தகர டப்பாவில் சோளத்தைக் கொட்டியதுபோல் கத்தும்.
டைமிங் செயின். தளர்ந்துவிட்டது.
நான் பல் மருத்துவர்,
ஆட்டம் காணும் பல் எனக்குத் தெரியாமலா?

இரண்டாயிரத்து நானூறு ஆகும் என்றார் கோச்சா.
சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறை,
அதில் ஆயிரத்து இருநூறு.
பாதிதான்.
மறுபாதியை நீங்கள் பேரத்திலேயே
அடித்துக்கொண்டு போய்விட்டீர்கள் என்பது என் கணக்கு.
உங்கள் கணக்கு வேறாக இருந்தால்
திட்டிக்கொள்ளுங்கள், ஆனால் முதலில் செயினை மாற்றுங்கள்.
அதுவரை நெடுஞ்சாலை வேண்டாம்.
ஆயிலை வாரம் ஒருமுறை பாருங்கள்,
சமதரையில், எஞ்சின் ஆறிய பிறகு.

லாம்சிரா

பின்குறிப்பு:
பெட்ரோல் மூடி இடப்பக்கம் என்று காட்டும் டயல் அம்பு.
நம்பாதீர்கள், வலப்பக்கம்.
அந்த டயல் வேறொரு வண்டியினுடையது.
கிலோமீட்டரைப் பற்றி என்னைக் கேட்காதீர்கள்.
எனக்கு விற்றவர்
உறை எதுவும் வைக்கவில்லை.